யுத்தகால வித்தியார்த்திகள் சொன்ன சரித்திரம்

பெங்களூரின் யுத்தகாலச் சரித்திரத்தை எழுதப் புகுவோருக்குக் காகிதங்களால் பஞ்சமில்லை. விமானத் தொழிற்சாலையின் கதையையே எடுத்துக்கொண்டால், 1940 டிசம்பரில் பம்பாய்த் தொழிலதிபர் வால்சந்த் ஹீராசந்த் மைசூர் சமஸ்தானத்தின் ஒத்தாசையோடு ஹிந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் கம்பெனியைத் தொடங்கியதும், தொம்லூர் சாலையில் ‘ஈவன்டைட்’ என்ற பங்களாவில் அதன் காரியாலயம் நடந்ததும், 1943-ல் அமெரிக்க விமானப் படை தொழிற்சாலையின் நிர்வாகத்தை ஏற்றதும், கேட்டலினா என்னும் நீர்விமானங்கள் பெள்ளந்தூர் ஏரியில் வந்திறங்கிப் பழுது நீங்கிச் சென்றதும் வரிசை பிசகாமல் கிடைக்கின்றன. ஆனால் அந்த விமானங்களின் இரைச்சலைக் கேட்டபடி அன்றைக்குப் பாடம் படித்துக்கொண்டிருந்த இருபது வயதுப் பிள்ளைகள் என்ன நினைத்தார்கள், யாருக்குப் பயந்தார்கள், எதற்கு ஆசைப்பட்டார்கள் என்று கேட்டால், கோப்புகள் வாயைத் திறப்பதில்லை. அதற்கு நாம் நம்பியிருக்க வேண்டியது, அவர்களே முதுமையில் வாயால் சொன்னவற்றையும், எதிரே உட்கார்ந்து பொறுமையோடு கேட்டு எழுதி வைத்த ஒருசிலரின் உழைப்பையுமே ஆகும்.

அக்காலத்துப் பெங்களூர் ஓர் ஊராக இல்லை. இரண்டு ஊராக இருந்தது. மன்னரின் ஆட்சிக்கு உட்பட்ட பேட்டை ஒரு பக்கம், ஆங்கிலேயரின் நேரடி நிர்வாகத்திலிருந்த தண்டு மறுபக்கம். பேட்டைவாசிக்குச் சென்ட்ரல் காலேஜ் பெருமை. அது 1916-ல் பிறந்த மைசூர் சர்வகலாசாலையின் அங்கம். தண்டுக்காரர்களுக்கோ அல்சூர் ஏரிக்கரையில் முகாமிட்டிருந்த மதராஸ் சாப்பர்ஸ் படை அன்றாடக் காட்சி. இவ்விரண்டையும் விட்டு ஒதுங்கி, மல்லேசுவரத்துக்கு அப்பால், ஊர் மக்கள் டாட்டா இன்ஸ்டிட்யூட் என்றே இன்றுவரை அழைக்கும் இந்திய விஞ்ஞானக் கழகம் இருந்தது. யுத்தம் இம்மூன்றுக்குள்ளும் நுழைந்தது. நுழைந்த விதம்தான் வெவ்வேறு.

டாட்டா இன்ஸ்டிட்யூட்டுக்கு யுத்தம் முதலில் ஒரு லாபமாகவே வந்தது என்று சொன்னால் விபரீதமாகத் தோன்றலாம். 1939-ல் விடுமுறைக்கு இந்தியா வந்திருந்த ஹோமி பாபா, போர் மூண்டதால் கேம்பிரிட்ஜுக்குத் திரும்ப வழியில்லாமல் இங்கே ரீடராக அமர்ந்தார். அதே கேம்பிரிட்ஜில் பட்டம் முடித்த விக்ரம் சாராபாய், யுத்தத்தை முன்னிட்டுத் தாய்நாடு திரும்பி, சி. வி. ராமனின் மேற்பார்வையில் காஸ்மிக் கதிர்களை ஆராயத் தொடங்கினார். திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் படித்த ஜி. என். ராமச்சந்திரன் 1942-ல் மின்பொறியியல் கற்க வந்து, ராமனால் பௌதிகத்துக்கு ஈர்க்கப்பட்டார். விமானத் தொழிற்சாலைக்கு ஆள் வேண்டும் என்ற அவசரத்தில் அதே 1942-ல் வி. எம். காட்டகேயின் தலைமையில் வானூர்திப் பொறியியல் துறையும் பிறந்தது. பிற்காலத்து இந்திய விஞ்ஞானத்தின் பெரும்புள்ளிகளில் பலர் சந்தர்ப்பவசத்தால் ஒரே வளாகத்தில் சேர்ந்திருந்த அதிசய காலம் அது. இவையெல்லாம் நாடறிந்த செய்திகள். இவர்களைப் பற்றி எழுதுவோருக்கும் குறைவில்லை.

நாம் நிதானமாக நிற்க வேண்டிய இடம் அன்னா மணியின் கதை. திருவிதாங்கூரைச் சேர்ந்த பீர்மேட்டில் 1918-ல் பிறந்து, சென்னைப் பிரசிடென்சி கல்லூரியில் படித்து, 1940-ல் உபகாரச் சம்பளம் பெற்று ராமனின் ஆய்வுக்கூடத்துக்கு வந்தவர் அவர். வைரங்களும் மாணிக்கங்களும் ஒளி உமிழும் விதம் அவருடைய ஆராய்ச்சிப் பொருள். முப்பதுக்கும் மேற்பட்ட வைரங்களை அவர் ஆராய்ந்திருக்கிறார். ஒரு நிறமாலை புகைப்படத் தகட்டில் பதிய பதினைந்து, இருபது மணி நேரம் பிடிக்குமாகையால், ராத்திரிகளையும் ஆய்வுக்கூடத்திலேயே கழித்தார். வெளியே உலகமே எரிந்துகொண்டிருந்த 1942-க்கும் 1945-க்கும் இடையில், தம் பெயரை மட்டுமே தாங்கிய ஐந்து கட்டுரைகளை வெளியிட்டு, சென்னைச் சர்வகலாசாலைக்கு டாக்டர் பட்டத்துக்கான ஆய்வேட்டையும் அனுப்பினார். டாட்டா இன்ஸ்டிட்யூட்டுக்கு அந்நாளில் தானே பட்டம் வழங்கும் அதிகாரம் இல்லை. எனவே மாணவர்கள் வேறொரு சர்வகலாசாலையின் வாசலில் நிற்க வேண்டியிருந்தது. எம்.எஸ்ஸி. பட்டம் இல்லை என்ற காரணத்தைச் சொல்லிச் சென்னை அதை மறுத்துவிட்டது. ஐந்து கட்டுரைகளைக் கண்ணெதிரே வைத்துக்கொண்டு, இல்லாத ஒரு சான்றிதழைத் தேடிய அந்த நிர்வாக புத்தியை என்னென்பது!

இந்த விவரங்கள் இன்று நமக்குக் கதையாகக் கிடைப்பதற்குப் பெரிதும் காரணமானவர் அபா சூர் என்ற விஞ்ஞான வரலாற்றாசிரியர். முதுமையடைந்த அன்னா மணியை நேரில் கண்டு, ராமனின் கூடத்தில் ஆண்களும் பெண்களும் பேசிப் பழகுவதற்கு இருந்த கட்டுப்பாடுகளையும், மாணவிகளின் தனிமையையும் கேட்டறிந்து, பின்பு தமது நூலில் விரிவாக எழுதினார் அவர். வாய்மொழி வரலாற்றின் கஷ்டமும் சுவாரசியமும் ஒருங்கே தென்படுவது இங்கேதான். கேட்க வந்தவர் அநியாயத்தைக் காண்கிறார். சொல்ல வந்தவரோ தம்மை அநியாயத்துக்கு ஆளானவராகக் கருத இறுதிவரை சம்மதிக்கவில்லை. பட்டம் கிடைக்காததால் தமக்கு நேர்ந்த நஷ்டம் பெரிதல்ல என்றே சாதித்தார். இருவரில் யார் சொல்வது சரி என்று தீர்ப்பு எழுதிவிடலாம்தான். ஆனால் இரண்டையும் பக்கம் பக்கமாக வைப்பதே நேர்மை என்பது என் அபிப்பிராயம். அதே கூடத்தில் உழைத்து, அதே போலப் பட்டம் பெறாது போன சுனந்தா பாய் என்பவர் இளம் வயதிலேயே மறைந்தார். அவரிடம் போய்க் கேட்க எந்தச் சரித்திராசிரியருக்கும் வாய்ப்பு இருக்கவில்லை.

1945-ல் துருப்புகளை ஏற்றிச் செல்லும் கப்பலொன்றில் அன்னா மணி இங்கிலாந்து சென்றார். பௌதிகம் படிக்கவே விரும்பிப் போனவருக்கு, லண்டன் இம்பீரியல் கல்லூரியில் வானிலைக் கருவிகளைப் பயிலும் இடந்தான் கிடைத்தது. 1948-ல் திரும்பிப் புனா வானிலை இலாகாவில் அமர்ந்து, ஏறத்தாழ நூறு கருவிகளுக்கு நம் நாட்டிலேயே செய்யத்தக்க வரைபடங்களை வகுத்துக் கொடுத்தார். யுத்தம் மூடிய கதவும் உண்டு, திறந்த கதவும் உண்டு என்பதற்கு அவர் வாழ்க்கையே சாட்சி.

சென்ட்ரல் காலேஜில் கணிதம் படித்து 1943-ல் டாட்டா இன்ஸ்டிட்யூட்டில் மின்தொழில்நுட்ப ஆராய்ச்சி மாணவியாகச் சேர்ந்த ராஜேசுவரி சாட்டர்ஜியின் கதையும் இதற்கு இணையானது. யுத்தம் முடிந்தபின் சர்க்கார் உபகாரச் சம்பளம் பெற்று, சிப்பாய்களைச் சுமந்த ஒரு கப்பலில் 1947-ல் அமெரிக்கா சென்று, மிச்சிகன் சர்வகலாசாலையில் டாக்டர் பட்டம் பெற்று 1953-ல் பெங்களூருக்கே திரும்பிய இவர், நுண்ணலைப் பொறியியலைப் பல தலைமுறைகளுக்குக் கற்பித்தார். 2010-ல் மறைவதற்கு முன் தம் நினைவுகளைத் தாமே எழுதியும் வைத்தார். கேட்க ஆள் வரும்வரை காத்திராத புத்திசாலித்தனம் அது.

இனிப் பேட்டைப் பக்கம் வருவோம். அங்கே யுத்தம் நுழைந்த விதம் வேறு. 1942 ஆகஸ்டில் ‘வெள்ளையனே வெளியேறு’ இயக்கம் மூண்டபோது, கல்லூரிகள் காலியாகின. மைசூர் பாங்க் சதுக்கத்தில் துப்பாக்கிச் சூடு நடந்து உயிர்கள் போயின. அதே ஆண்டு சென்ட்ரல் காலேஜில் பி.எஸ்ஸி. முடித்து உயர்நிலைப் பள்ளி ஆசிரியராக வேலைக்குப் போயிருந்த எச். எஸ். துரைசாமி, இயக்கத்தில் குதித்து, தபால் பெட்டிகளிலும் ஆவண அறைகளிலும் சிறு வெடிகளை வைக்கும் வேலையில் ஈடுபட்டு, டிசம்பரில் கைதாகிப் பதினான்கு மாதங்களைச் சிறையில் கழித்தார். அந்தச் சிறைதான் இன்றைய ஃப்ரீடம் பார்க். 2021-ல் 103-வது வயதில் காலமாகும் வரை, கேட்க வந்த பத்திரிகைக்காரர், மாணவர், ஆராய்ச்சியாளர் எவரையும் அவர் திருப்பி அனுப்பவில்லை. எத்தனை முறை சொன்னாலும் கதையின் சாரம் மாறவில்லை என்பது ஒரு பலம்; பலமுறை சொன்ன கதை தானே வழவழப்பாகிவிடும் என்பது ஒரு பலவீனம். ஆற்றங்கரைக் கூழாங்கல்லில் பாறையின் கூர்மையைத் தேட முடியாது அல்லவா? ஆகவேதான் வாய்மொழியைப் போலீஸ் குறிப்போடும் அந்நாளையப் பத்திரிகையோடும் ஒத்துப் பார்க்காமல் ஏற்பது கூடாது. ஒத்துப் பார்த்து வேறுபட்டால் உடனே தள்ளிவிடுவதும் கூடாது.

ஒரே தலைமுறை, ஒரே ஊர். அதில் ஒருவன் சிறைக்குப் போனான், ஒருவன் சீருடை அணிந்தான். 1920 முதல் கல்லூரிகளில் நடந்துவந்த சர்வகலாசாலைப் பயிற்சிப் படை, 1942-ல் அதிகாரிகளைத் தயாரிக்கும் படையாகப் பெயர் மாற்றப்பட்டது. 1948-ல் அதன் இடத்தில்தான் இன்றைய என்.சி.சி. வந்தது. கட்டாயம் ஏதுமின்றி இருபத்தைந்து லட்சம் இந்தியர்கள் அந்த யுத்தத்தில் சேர்ந்தார்கள். எண்பத்தேழாயிரம் பேர் திரும்பவில்லை. சுதந்திரம் வந்தபின் இவர்களை எந்தப் பக்கத்தில் எழுதுவதென்று நாட்டுக்கே விளங்காமற் போனதால், வீடுகளிலும் பேச்சு அடங்கிவிட்டது. பெங்களூர் எழுத்தாளர் ரகு கர்நாட் 2015-ல் வெளியிட்ட ‘ஃபார்தஸ்ட் ஃபீல்ட்’ என்ற நூல் இந்த மௌனத்தைப் பற்றியதே. அவருடைய பாட்டி வீட்டில் மூன்று இளைஞர்களின் புகைப்படங்கள் இருந்தன, கதைதான் இல்லை. கிண்டி என்ஜினீயரிங் கல்லூரியில் படித்துச் சாப்பர் அதிகாரியான பாபி, விமானியான மானெக், சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று ராணுவ டாக்டரான கணபதி ஆகிய மூவரும் யுத்தத்தில் மாண்டவர்கள். எஞ்சியிருந்த முதியவர்களைத் தேடிப் பிடித்துக் கேட்டும், ஆவணங்களைப் புரட்டியும் அவர் அக்கதையைச் சேர்த்தெடுக்க வேண்டியதாயிற்று.

படித்த குடும்பத்துக்கே இந்தக் கதியென்றால், அல்சூர் ஏரிக்கரைப் படையில் சேர்ந்த தமிழ்ச் சிப்பாய்களின் கதியைச் சொல்ல வேண்டுவதில்லை. ‘தம்பி’ என்ற செல்லப்பெயரால் உலகப் படைகளுக்கெல்லாம் அறிமுகமானவர்கள் அவர்கள். முள்வேலியைத் தகர்க்க 1912-ல் இங்கே கேப்டன் மெக்ளின்டாக் வடிவமைத்த வெடிகுழாய், ‘பெங்களூர் டார்பிடோ’ என்ற பெயரோடு 1944 ஜூனில் நார்மண்டிக் கடற்கரை வரை சென்றது. அதற்குச் சில மாதங்களுக்கு முன், 1944 பிப்ரவரி 24 அன்று, இத்தாலியில் மின்யானோ என்னுமிடத்தில் கண்ணிவெடி அகற்றும் பணியிலிருந்தபோது, வெடிக்கப் போகும் கண்ணியின் மேல் தானே பாய்ந்து உடனிருந்தோரைக் காப்பாற்றி உயிர் நீத்தார் காஞ்சிபுரத்தை அடுத்த கீழ்ஒட்டிவாக்கத்தில் பிறந்த சுபேதார் சுப்பிரமணியன். ஜார்ஜ் கிராஸ் என்னும் மிக உயரிய விருது அவருக்கு வழங்கப்பட்டதால் அவர் பெயர் பதிவேட்டில் நின்றது. விருது பெறாமல் ஊர் திரும்பி, பென்ஷன் வாங்கி, திண்ணையில் உட்கார்ந்து பேரப்பிள்ளைகளுக்கு மட்டும் கதை சொல்லிவிட்டுப் போன பல்லாயிரம் தம்பிகளின் வார்த்தைகளை யாரும் எழுதவில்லை. விஞ்ஞானிகளைக் கேட்கப் புத்தகம் எழுதுவோர் வந்தார்கள். தேசபக்தர்களைக் கேட்கப் பத்திரிகைகள் வந்தன. சிப்பாயைக் கேட்க மட்டும் எவரும் வரவில்லை. இது நம் சரித்திரக்காரர்களின் பெருங்குறை என்றே சொல்வேன்.

2019-ல் பெங்களூர் தேசிய உயிரியல் மையத்தில் திறக்கப்பட்ட ஆவணக் காப்பகம், விஞ்ஞானிகளின் வாய்மொழி நினைவுகளைக் குரலாகவே சேகரித்து வருகிறது. ஆனால் அல்சூரிலும் தொம்லூரிலும் சிவாஜிநகரிலும், காஞ்சிபுரம் வேலூர் வட்டாரத்துக் கிராமங்களிலும் உள்ள வீடுகளுக்குக் காப்பகம் தானாக நடந்து வராது. சாப்பர் படையிலோ, விமானத் தொழிற்சாலையிலோ, யுத்தகாலத்துக் கல்லூரியிலோ இருந்தவரின் மகனோ மகளோ உங்கள் வீட்டில் இன்னமும் இருந்தால், அவர்களை உட்கார வைத்துக் கேளுங்கள். தகப்பனார் எந்த ஆண்டு சேர்ந்தார், எந்தக் கப்பலில் போனார், அங்கே என்ன சாப்பிட்டார், வந்தபின் எதைப் பேச மறுத்தார் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக் கைபேசியில் பதிவு செய்து, தேதியும் சொன்னவர் பெயரும் குறித்து வையுங்கள். டிஸ்சார்ஜ் புத்தகம், பழைய கடிதம், பதக்கம் எதையும் பழைய காகிதக்காரனுக்குப் போட்டுவிடாதீர்கள். நாளைய சரித்திரத்துக்கு அவை வேண்டும்.