சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து முதல் விமானப் பயணம்

செங்கல்பட்டு மாவட்டத்தில், ஒரகடம் சாலை ஜிஎஸ்டி சாலையைத் தொடும் ஊர் சிங்கப்பெருமாள் கோவில். பாடலாத்ரி நரசிம்மர் குடைவரைக் கோயிலால் அறியப்பட்ட இவ்வூரைச் சுற்றி இன்று கார், மோட்டார் சைக்கிள் தொழிற்சாலைகள் நிறைந்திருக்கின்றன. வேலைக்கோ பயிற்சிக்கோ முதன்முறை விமானம் ஏறுவோருக்கு அருகில் இருப்பது, ஏறத்தாழ 30 கி.மீ. தொலைவிலுள்ள சென்னை விமான நிலையம்தான்.

பகல் பயணத்துக்கு மின்சார ரயிலே நம்பகமானது. திரிசூலத்தில் இறங்கி, ஜிஎஸ்டி சாலைக்கு அடியில் செல்லும் சுரங்கப்பாதையில் நடந்தால் விமான நிலையம் வந்துவிடும். காரில் போனால் கிளாம்பாக்கம், பெருங்களத்தூர், தாம்பரம் நெரிசலுக்கும் சேர்த்து நேரம் ஒதுக்க வேண்டும். வெளிநாட்டு விமானங்கள் பல நள்ளிரவைத் தாண்டிப் புறப்படுகின்றன. அப்போது ரயில் இருக்காது. கடைசி ரயிலிலேயே போய்க் காத்திருப்பது நல்லது.

முதல் பயணி தடுமாறுவது பெரும்பாலும் கட்டடத்துக்கு வெளியேதான். உறவினர் சொல்லும் வழி பழையதாக இருக்கும். முன்பு வெளிநாட்டுப் புறப்பாடு நான்காம் முனையத்தில் இருந்தது. 2023 ஏப்ரல் 8 அன்று புதிய இரண்டாம் முனையம் திறக்கப்பட்டபின் அது அங்கே மாறியது. நான்காம் முனையம் அதே ஆண்டின் இறுதியில் உள்நாட்டுச் சேவைக்கு வந்தது. ஆகவே உள்நாட்டுப் பயணிக்கு இப்போது ஒன்று, நான்கு என இரண்டு முனையங்கள் உண்டு. டிக்கெட்டில் ‘டி1’, ‘டி4’ என்று அச்சிட்டிருப்பதை மட்டுமே நம்ப வேண்டும்.

வாசலில் மத்தியத் தொழிலகப் பாதுகாப்புப் படையினர் டிக்கெட்டையும் அடையாள அட்டையையும் பார்ப்பார்கள். இரண்டிலும் பெயர் ஒத்திருக்க வேண்டும். இன்ஷியலோடு பெயர் எழுதும் நமக்கு இதில்தான் சிக்கல்: டிக்கெட் படிவம் குடும்பப் பெயரைக் கேட்கும், நமக்கு அது கிடையாது. வெளிநாட்டுப் பயணத்துக்குப் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே, எழுத்துக்கு எழுத்து நிரப்புங்கள்.

உள்ளே போனபின் வழி ஒன்றுதான்: பெட்டியைக் கவுன்ட்டரில் கொடுத்துப் போர்டிங் பாஸ் வாங்குவது, பாதுகாப்புச் சோதனை, பிறகு கேட். வெளிநாடு என்றால் இடையில் இமிகிரேஷன். உள்நாட்டுக் கவுன்ட்டர்கள் புறப்பாட்டுக்கு 60 நிமிடம் முன்பும், கேட் பெரும்பாலும் 25 நிமிடம் முன்பும் மூடப்படும். கேட் எண் கடைசி நேரத்தில் மாறக்கூடும். திரையைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். பவர் பேங்க் கைப்பையில்தான் இருக்கலாம், கவுன்ட்டரில் கொடுக்கும் பெட்டியில் கூடாது. எண்ணெய்ச் சத்தால் தீப்பற்றும் என்பதால் கொப்பரைக்கும் அந்தப் பெட்டியில் இடமில்லை. ஐயம் வந்தால் சீருடையில் இருக்கும் எவரையும் தயங்காமல் கேட்கலாம்.

வளைகுடாவுக்கோ மலேசியாவுக்கோ வேலைக்குப் போகிறவர் இன்னொன்றையும் பார்த்தாக வேண்டும். பத்தாம் வகுப்புத் தேறாதவர்களின் பாஸ்போர்ட் பொதுவாக ‘இசிஆர்’ (குடிபெயர்வுச் சோதனை தேவை) வகையில் வரும். 1983-ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டப்படி, குறிப்பிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குச் செல்ல அவர்கள் முன் அனுமதி பெற வேண்டும். தரகர் சுற்றுலா விசாவைக் கொடுத்து ‘அங்கே போய் மாற்றிக்கொள்ளலாம்’ என்றால் ஏற்காதீர்கள். அனுமதி தரும் குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகம் சென்னையிலேயே இருக்கிறது.