எப்பவும் டயர்டா இருக்கா? சோம்பல்னு விட்டுடாதீங்க... கல்லூரி மாணவர்கள் கவனிக்க வேண்டியது என்ன?

திருவள்ளூர் மாவட்டம் ஆர்.கே.பேட்டை, பள்ளிப்பட்டு, பொதட்டூர்பேட்டை வட்டாரம் விசைத்தறி நெசவுக்குப் பெயர்பெற்றது. இங்கிருந்து திருத்தணி அரசு கலைக் கல்லூரி போன்ற கல்லூரிகளுக்குப் பஸ்ஸில் போய்வரும் மாணவர்களுக்கு நாள் ரொம்பவே நீளமானது. காலையில் சாப்பிடாமல் பஸ்ஸைப் பிடித்து, மாலையில் வீட்டுத் தறிக்குக் கைகொடுத்து, ராத்திரி செல்போனோடு படுத்தால் முதலில் அடிவாங்குவது தூக்கம்தான். அதன்பிறகு வரும் சோர்வை வீட்டில் பெரும்பாலும் ‘சோம்பேறித்தனம்’ என்றே சொல்லிவிடுகிறார்கள். ஆனால் காரணம் ரத்தத்திலும் இருக்கலாம், மனதிலும் இருக்கலாம்.

உடம்பில் என்ன பிரச்னை இருக்கலாம்?

2019-21 தேசிய குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை உள்ளது. மூச்சு வாங்குவது, தலைசுற்றல், பாடத்தில் கவனம் நிற்காதது எல்லாம் இதன் அறிகுறிகள். தைராய்டு குறைபாடும் இதேபோல சோர்வைத் தரும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஹீமோகுளோபின் பரிசோதனை செய்துகொள்ளலாம். பெண்களுக்கு 12, ஆண்களுக்கு 13 கிராமுக்குக் கீழே இருந்தால் ரத்தசோகை.

முருங்கைக்கீரை, பயறு, முட்டை சாப்பிடலாம். சாப்பிட்ட உடனே டீ குடித்தால் உடம்பில் இரும்புச்சத்து சேர்வது குறையும். ஒரு மணி நேரம் கழித்துக் குடிப்பது நல்லது.

எவ்வளவு தூக்கம், எவ்வளவு நடை?

18 வயதைத் தாண்டியவர்களுக்கு குறைந்தது 7 மணி நேரத் தூக்கம் அவசியம். உலக சுகாதார நிறுவனம் வாரத்துக்கு 150 நிமிடமாவது உடற்பயிற்சி வேண்டும் என்கிறது. அதற்கு ஜிம் தேவையில்லை. பஸ் ஸ்டாப்புக்கு வேகமாக நடப்பதும் கணக்கில் சேரும்.

மனசு சரியில்லைன்னு எப்படித் தெரிஞ்சுக்கறது?

பரீட்சை நேரத்தில் நாலு நாள் பதற்றமாக இருப்பது இயல்பு. ஆனால் 2 வாரத்துக்கு மேல் எதிலும் நாட்டமில்லாமல் போவது, தூக்கமும் பசியும் மாறிப்போவது, ‘நான் எதுக்கும் லாயக்கில்லை’ என்ற எண்ணம் விடாமல் வருவது ஆகியவை மனச்சோர்வின் அறிகுறிகள். அப்போது டாக்டரைப் பார்ப்பதைத் தள்ளிப்போடக் கூடாது.

யாரிடம் பேசலாம்?

2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட டெலி மானஸ் சேவையின் எண் 14416. 24 மணி நேரமும் இலவசமாக, தமிழிலேயே பேசலாம். நேரில் சிகிச்சை தேவைப்பட்டால் திருவள்ளூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. ‘விஷயம் ஊருக்குத் தெரிஞ்சிடுமோ’ என்ற பயம் வேண்டாம். உயிருக்கு ஆபத்து போன்ற விதிவிலக்குகள் தவிர, சிகிச்சை விவரத்தை ரகசியமாக வைக்க வேண்டும் என்கிறது 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம்.

கல்லூரியின் பொறுப்பு என்ன?

100 பேரோ அதற்கு மேலோ படிக்கும் கல்வி நிறுவனங்களில் தகுதியான ஆலோசகர் ஒருவராவது இருக்க வேண்டும், உதவி எண்களை வகுப்பறை, விடுதிகளில் எழுதிவைக்க வேண்டும் என்று 2025 ஜூலை 25-ல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. உங்கள் கல்லூரியில் ஆலோசகர் இல்லையென்றால் முதல்வரிடம் கேட்கலாம்.

நண்பர் ‘வாழப் பிடிக்கலை’ன்னு சொன்னால்?

விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அறிவுரை சொல்லாமல் காதுகொடுத்துக் கேளுங்கள். தனியாக விடாமல் கூடவே இருந்து 14416-க்கு அழையுங்கள். உடனடி ஆபத்து என்றால் 108-ஐ அழைத்துவிட்டு, வீட்டாருக்கும் சொல்லுங்கள். ‘யாருகிட்டயும் சொல்லாதே’ என்று அவர் சத்தியம் வாங்கியிருந்தாலும் சொல்லித்தான் ஆக வேண்டும்.