மூன்று சொட்டு நேர்வாளம்

மதுரை கீழமாசி வீதிப் பக்கம் தாத்தாவுக்கு நாட்டு மருந்துக் கடை. நேர்வாளக் கொட்டை வந்து இறங்கினால் கடைப் பையனைத் தொட விடமாட்டார். சாணிக் கரைசலில் அவித்து, ஓட்டை நீக்கி, பருப்பைப் பிளந்து உள்முளையைக் கிள்ளி எறிவதெல்லாம் அவரே. "கையக் கண்ணுல வச்சிராதடா, வெந்துரும்" என்பார். எனக்கு அப்போது பத்து வயசு. அவர் சாப்பிடப் போன நேரம் பார்த்து, அவிக்காத கொட்டை நாலைக் கல்லால் தட்டினேன். எண்ணெய் ஒட்டிய விரலோடு கன்னத்தைச் சொறிந்துகொண்டேன். ராத்திரிக்குள் இடது கன்னம் பொங்கிக் கொப்புளமாகிவிட்டது. நாலாம் நாள் வெங்காயச் சருகு மாதிரி தோல் உரிந்து, அடியில் ரோஸ் நிறத்தில் புதுத்தோல். "பிள்ளை வெள்ளைக்காரனா ஆயிட்டான்" என்று அத்தை சிரித்தாள். ரெண்டு வாரத்தில் அந்த இடம் மட்டும் கருத்தது. ஒரு வருஷம் அந்தக் கருப்பு போகவில்லை.

பின்னால் பார்மசி படித்து ஆஸ்பத்திரித் தோல் பிரிவில் களிம்பு கலக்கப் போனபோதுதான் தெரிந்தது, அமெரிக்காவில் முகச் சுருக்கம் போக்க அதே எண்ணெயைத் தடவியிருக்கிறார்கள் என்று. நம் வீட்டுத் தொட்டியில் வளர்க்கிற குரோட்டன்ஸ் இல்லை இது. அது வேறு செடி. நேர்வாளத்தின் தாவரப் பெயர் குரோட்டன் டிக்ளியம். 19-ம் நூற்றாண்டின் ஆரம்பத்தில் இங்கிலீஷ் டாக்டர்களும் இதைப் பேதி மருந்தாகத்தான் எடுத்துக்கொண்டார்கள்.

இப்படி மருந்து தடவித் தோலை உரிக்கிற கெமிக்கல் பீலின் கதையைக் கிளியோபாட்ராவின் பால் குளியலிலிருந்து தொடங்குவது வழக்கம். புளித்த பாலில் லாக்டிக் அமிலம் உண்டு, சரி. ஆனால் அவள் எதில் குளித்தாள் என்று பார்த்தவர் யார்? நான் வியன்னாவிலிருந்து தொடங்குகிறேன். அங்கே ஃபெர்டினாண்ட் வான் ஹெப்ரா 1870-களில் மங்கு எனும் கருந்திட்டுகளையும் முகப்புள்ளிகளையும் போக்க பீனாலையும் நேர்வாள எண்ணெயையும் பயன்படுத்தினார். 1882-ல் ஹாம்பர்க்கில் பால் கெர்சன் உன்னா, சாலிசிலிக் அமிலம், ரிசார்சினால், பீனால், டிரைகுளோரோ அசிட்டிக் அமிலம் (டி.சி.ஏ.) நான்கும் தோலை என்ன செய்கின்றன என்று எழுதினார். நான் வருஷக்கணக்கில் கலக்கிய விட்ஃபீல்டு களிம்பிலும் அதே சாலிசிலிக்தான், நூற்றுக்கு மூன்று பங்கு.

பீனால் நிலக்கரித் தாரிலிருந்து வந்தது. வேதியியலாளர் ரூங்கே அதை 1834-ல் பிரித்தெடுத்தார். 1865-ல் சர்ஜன் லிஸ்டர் கிளாஸ்கோவில் அதை வைத்துப் புண் சீழ் பிடிக்காமல் காத்தார். பழைய கார்பாலிக் சோப்பின் வாசனை நினைவிருக்கிறவர்களுக்கு பீனாலின் வாசனை தெரியும். நியூயார்க்கில் ஜார்ஜ் மாக்கீ 1903-லேயே பருத்தழும்புக்கு அதைத் தடவத் தொடங்கிவிட்டார், வெளியிட்டது 1952-ல்.

இதற்கு நடுவில்தான் எனக்குப் பிடித்த பகுதி. 1920-களிலிருந்து லாஸ் ஏஞ்சல்ஸிலும் பிறகு மயாமியிலும், டாக்டர் பட்டம் இல்லாத சிலர், அதிலும் பெண்கள், பீனாலில் நேர்வாள எண்ணெயைக் கலந்து பணக்காரர்களின் முகத்தை உரித்துக்கொண்டிருந்தார்கள். லாஸ் ஏஞ்சல்ஸில் அந்த்வானெட் லா காஸே என்ற அம்மாள் பேர் பெற்றவர். பக்குவத்தை யாரும் வெளியே சொல்லவில்லை. நம் வைத்தியர் வீட்டுச் சுவடி மாதிரிதான். டாக்டர்கள் இவர்களைப் போலி என்று ஏசினார்கள், ஆனால் உரித்த முகங்கள் கண்முன்னே வந்து நின்றபோது வாயடைத்துப் போனார்கள்.

1960-களின் தொடக்கத்தில் மயாமி பிளாஸ்டிக் சர்ஜன்கள் தாமஸ் பேக்கரும் ஹோவர்ட் கார்டனும் ஒரு கலவையை அச்சில் வெளியிட்டார்கள். 88 சதவீத பீனால் 3 மில்லி, தண்ணீர் 2 மில்லி, திரவச் சோப்பு 8 சொட்டு, நேர்வாள எண்ணெய் 3 சொட்டு. பஞ்சுக் குச்சியால் தடவினால் தோல் சுண்ணாம்பு அடித்ததுபோல் வெளுக்கும். பீனால் ரத்தத்தில் ஏறினால் இதயத் துடிப்பு தடுமாறும், அதனால் முகத்தைப் பகுதி பகுதியாக, இடைவெளி விட்டுத்தான் தடவ வேண்டும். மேலே பிளாஸ்திரி ஒட்டி 48 மணி நேரம் விட்டு, பிய்த்தெடுத்துப் பொடி தூவுவார்கள். ஆறினால் சுருக்கம் போயிருக்கும். கூடவே நிறமும் போயிருக்கும், தாடையோரம் கோடு போட்டதுபோல்.

மருந்து கலந்தவன் என்ற முறையில் அந்தச் சீட்டைப் பார்த்ததும் எனக்கு வந்த கோபம் இது: சொட்டு என்பது ஓர் அளவா? சொட்டானின் வாய் கொஞ்சம் அகலமானால் சொட்டு பெருக்கும். மொத்தமே ஐந்தரை மில்லிக் கலவை, அதில் மூன்று சொட்டு என்றால் ஏறக்குறைய இரண்டு சதவீதம். ஒரு சொட்டு கூடினால் கணக்கே வேறு. பேக்கரும் கார்டனுமோ நேர்வாள எண்ணெயைச் சின்ன எரிச்சலூட்டி என்றே நினைத்தார்கள். ஆழமாகப் போவது பீனால், அதிலும் தண்ணீர் ஊற்ற ஊற்ற இன்னும் ஆழமாகப் போகும் என்று பாடம் நடத்தினார்கள். சுமார் 40 வருஷம் இந்தப் பாடம் ஓடியது. 2000-ல்தான் லாஸ் வேகாஸ் சர்ஜன் கிரிகரி ஹெட்டர் அதைச் சோதித்துப் பார்த்தார். பீனால் மட்டும் தடவினால் விளைவு சொற்பம், எண்ணெய் கூடக் கூடத்தான் ஆழமும் கூடுகிறது. சொட்டுக் கணக்கை விட்டுவிட்டு அவர் சதவீதக் கணக்குக்கு வந்தார். கண்ணிமைக்கு ஓர் அளவு, உதட்டைச் சுற்றி அதைவிடக் கூடுதல். "வெந்துரும்" என்று தாத்தா பயந்தது எதற்கோ, அதுதான் வேலையைச் செய்திருக்கிறது.

தங்கை மகள் தோல் டாக்டர். அவளிடம் இருப்பது 1974-ல் ஆராய்ச்சியாளர்கள் வான் ஸ்காட்டும் யூவும் தடித்துச் செதில் விடும் தோல் நோய்க்குச் சோதித்த அமிலங்களின் வாரிசுகள். கரும்பில் இருக்கிற கிளைகாலிக் அதில் ஒன்று. போன மாதம் அவள் கிளினிக்கில் உட்கார்ந்திருந்தேன். ஒரு பெண்ணுக்குத் தடவிவிட்டுக் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். சில நிமிஷம்தான், சோடா உப்புக் கரைசலால் ஒற்றி எடுத்துவிட்டாள். வெளியே வந்ததும் நேர்வாளத்தைப் பற்றிக் கேட்டேன்.

"நீங்க வேற மாமா! நம்ம தோல்ல அவ்வளவு ஆழமா உரிச்சா, இருக்கிற மங்கு போகாது, புதுசா வரும்."

"அது எனக்குப் பத்து வயசுலயே தெரியும்மா" என்றேன்.