ஸ்கேட்டிங் பூட்ஸின் கதை: எலும்பு முதல் எஃகு வரை

1994 பிப்ரவரி 25. நார்வே நாட்டின் ஹாமர் நகரத்துப் பனி அரங்கம். லில்லஹாமர் குளிர்கால ஒலிம்பிக்கில் மகளிர் ஃபிகர் ஸ்கேட்டிங் இறுதிச் சுற்று. அமெரிக்காவின் டோனியா ஹார்டிங் ஆட ஆரம்பித்து ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, முதல் தாவலே சொதப்பிவிட்டது. அழுதுகொண்டே நடுவர்களிடம் போனவர், காலைத் தூக்கி அவர்கள் முன்னால் வைத்து எதையோ காட்டினார். பூட்ஸ் லேஸ்! பழைய லேஸ் அறுந்துபோக, அவசரத்தில் கட்டிய மாற்று லேஸ் நீளம் போதவில்லை. பிறகு ஆடிக்கொள்ளலாம் என்று அனுமதித்தார்கள். கடைசியில் கிடைத்தது 8ஆம் இடம். (அந்த நாட்களில் அவர் பெயர் வேறொரு வழக்கிலும் அடிபட்டது. அது தனிக் கதை.)

ஒரு லேஸுக்காக ஒலிம்பிக்கையே நிறுத்துவார்களா என்று தோன்றலாம். கணுக்காலை அசையவிடாமல் பிடித்துக்கொள்ளும் பூட்ஸ் இல்லையென்றால் இன்றைய ஃபிகர் ஸ்கேட்டிங்கே இல்லை. ஆனால் இந்த விளையாட்டு பூட்ஸோடு பிறக்கவில்லை என்பதுதான் வேடிக்கை.

ஆரம்பத்தில் இருந்தது எலும்பு. வட ஐரோப்பாவில் குதிரை, மாடு போன்றவற்றின் கால் எலும்பைத் தட்டையாகத் தேய்த்து காலில் கட்டிக்கொண்டு உறைந்த ஏரிகளைக் கடந்தார்கள். லண்டன் இளைஞர்கள் இப்படி விளையாடியதை 12ஆம் நூற்றாண்டில் வில்லியம் ஃபிட்ஸ்டீபன் எழுதி வைத்திருக்கிறார். கையில் இரும்புப் பூண் போட்ட ஒரு கழி இருக்கும். அதைப் பனியில் ஊன்றித் தள்ளினால்தான் முன்னே போக முடியும். எலும்புக்கு வழுக்கத் தெரியும், பனியைப் பிடிக்கத் தெரியாது. ஆக, அது படகு ஓட்டுவதைப் போன்ற சமாச்சாரம்தான்.

கழியைத் தூக்கி எறிய வைத்தவர்கள் நெதர்லாந்துக்காரர்கள். மரக்கட்டைக்கு அடியில் இரும்புப் பட்டை பொருத்தினார்கள். இரும்புக்கு விளிம்பு உண்டு. உடலைச் சாய்த்தால் அந்த விளிம்பு பனியில் பதியும், பதிந்த காலை உதைத்தால் மற்ற கால் முன்னே போகும். 1498இல் அச்சான ஒரு மரச்செதுக்குப் படத்தில், பனியில் விழுந்து கிடக்கும் ஸ்கீடாம் ஊர் லிட்வினா என்ற புனிதருக்குப் பின்னால் ஒருவர் இப்படி ஒற்றைக் காலில் போவதைப் பார்க்கலாம். இன்று பயிற்சியாளர்கள் முதல் நாள் வகுப்பில் சொல்லித்தரும் "எட்ஜ்" என்பது இந்த விளிம்புதான்.

அதற்கப்புறம் பல நூறு வருடங்களுக்கு ஒரே தலைவலி, பிளேடைக் காலோடு எப்படிக் கட்டுவது? தோல் வாரை இறுக்கினால் கால் மரத்துப்போகும், தளர்த்தினால் பிளேடு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம். 1772இல் ஸ்கேட்டிங் பற்றி ஆங்கிலத்தில் முதல் புத்தகம் எழுதிய ராபர்ட் ஜோன்ஸும் இதோடு மல்லுக்கட்டியவர்தான். 1850 வாக்கில் பிலடெல்பியாவின் புஷ்னெல் முழுக்க எஃகாலான, ஷூவைக் கவ்விப் பிடிக்கும் ஸ்கேட்டைச் செய்தார். அமெரிக்காவில் ஸ்கேட்டிங் மோகம் பற்றிக்கொண்டது.

அடுத்து வந்தவர்தான் முக்கியமானவர். ஜாக்ஸன் ஹெய்ன்ஸ், நியூயார்க்கைச் சேர்ந்த நடனக் கலைஞர். அவர் காலத்தில் ஃபிகர் ஸ்கேட்டிங் என்றால் பனியில் 8 போன்ற உருவங்களை விறைப்பாக நின்று வரைவது. ஹெய்ன்ஸுக்கு இசைக்கு ஆட வேண்டும், சுழல வேண்டும், கீழே உட்கார்ந்தபடியே சுழல வேண்டும். வாரும் கவ்வியும் இதற்குத் தாங்குமா? பிளேடை பூட்ஸோடு திருகாணி போட்டே முடுக்கிவிட்டார். பூட்ஸும் பிளேடும் ஒரே பொருளாயின. சொந்த நாட்டில் பெரிய வரவேற்பு இல்லாததால் 1860களில் ஐரோப்பா போனார். வியன்னா அவரைக் கொண்டாடியது. 1875இல் பின்லாந்தின் கொக்கோலா ஊரில் இறந்தார். இன்றும் அவர் கல்லறை அங்கேதான் இருக்கிறது.

1882இல் அதே வியன்னாவில் நார்வேக்காரர் ஆக்ஸல் பால்ஸன் முன்னோக்கி எழும்பி காற்றில் ஒன்றரைச் சுற்று சுற்றி இறங்கினார். அவர் காலில் இருந்தது நீளமான வேகப்பந்தய ஸ்கேட்! இன்று ஒரு மாணவர் அதைப் போட்டுக்கொண்டு ஆக்ஸல் முயன்றால் பயிற்சியாளர் மயங்கி விழுவார். தாவல்கள் பெருகப் பெருக பிளேடின் முன்முனையில் பற்கள் வந்தன. "டோ பிக்" என்பார்கள். புதிதாகக் கற்பவர்களைக் குப்புற விழவைப்பதும் இதே பற்கள்தான்.

பிளேடின் அடிப்பாகம் தட்டையாக இருக்காது, நீளவாக்கில் ஒரு பள்ளம் ஓடும். அதன் இரு கரைகளே இரண்டு விளிம்புகள். பள்ளம் ஆழமானால் பிடி அதிகம், வழுக்கல் குறைவு. உருவம் வரைவது போட்டியில் கட்டாயமாக இருந்த காலத்தில் வீரர்கள் இரண்டு ஜோடி வைத்திருந்தார்கள். வரைவதற்கு ஆழமில்லாத பள்ளமும், கோட்டைக் கெடுக்காதபடி சின்னப் பற்களும் உள்ள ஒன்று. தாவுவதற்கு ஆழமான பள்ளமும் பெரிய பற்களும் உள்ள இன்னொன்று. ஒரு காலத்தில் மொத்த மதிப்பெண்ணில் 60 சதவீதம் உருவங்களுக்கே போனது. 1990 உலகப் போட்டியோடு அந்தப் பிரிவு முடிந்தது, முதல் ஜோடியும் பெட்டிக்குள் போனது.

பெண்கள் வெள்ளை பூட்ஸ் போடும் வழக்கத்தைப் பரப்பியவர் மூன்று ஒலிம்பிக் தங்கம் வென்ற சோனியா ஹெனி. நிறத்துக்கும் திறமைக்கும் சம்பந்தம் இல்லை, ஆனாலும் அது நிலைத்துவிட்டது.

தாவல்கள் எகிறிக்கொண்டே போயின. டிக் பட்டன் 1948இல் இரட்டை ஆக்ஸல், 1952இல் மூன்று சுற்று லூப். கர்ட் பிரௌனிங் 1988இல் நான்கு சுற்று. 2022இல் இலியா மலினின் நான்கரைச் சுற்று ஆக்ஸல்! இறங்கும்போது உடல் எடையைப்போல் 5 முதல் 8 மடங்கு விசை காலில் விழும் என்கிறார்கள். அதைத் தாங்க பூட்ஸை விறைப்பாக்கிக்கொண்டே போனார்கள். கணுக்கால் தப்பியது, ஆனால் மடங்காத கணுக்கால் அதிர்ச்சியை முழங்காலுக்கும் இடுப்புக்கும் அனுப்பிவைத்தது. 2000களில் டெலவேர் பல்கலைக்கழக ஆய்வாளர்களின் முயற்சியில் கணுக்காலில் கீல் வைத்த பூட்ஸ் வந்தது. நல்ல யோசனைதான், ஆனால் வீரர்கள் பழகிய பூட்ஸை விடவில்லை. எடை மட்டும் செயற்கைப் பொருட்களால் குறைந்தது.

இந்த வரலாறு தெரிந்தால் கடையில் பூட்ஸ் தேர்ந்தெடுப்பது சுலபம். பூட்ஸும் பிளேடும் ஒவ்வொரு முறையும் மாறியது, ஆடுபவர் புதிதாக ஒன்றைச் செய்ய முயன்றபோதுதான். கற்பவருக்கும் அதே வரிசைதான். நெதர்லாந்துக்காரர்களைப்போல் விளிம்பைப் பழகும் நிலையில் இருப்பவருக்கு மென்மையான பூட்ஸும், ஏற்கெனவே பொருத்திய சின்னப் பற்கள் கொண்ட பிளேடும் போதும். ஒற்றைத் தாவல்கள் முடிந்து ஆக்ஸலுக்கு வரும்போதுதான் நடுத்தர விறைப்பும் தனியாக வாங்கும் பிளேடும் தேவை. மிக விறைப்பானவை மூன்று சுற்றுக்காரர்களுக்கு. சாம்பியன் போட்ட மாடல் என்று முதல் வருடமே வாங்கிக் கொடுத்தால், குழந்தையின் எடைக்கு அந்த பூட்ஸ் மடங்கவே மடங்காது. முழங்காலை மடக்கி நிற்கப் பழகாமலே வருடம் ஓடிவிடும். மாறாக, நைந்துபோன மென்மையான பூட்ஸில் இரட்டைத் தாவல் முயல்வது கணுக்காலுக்கு ஆபத்து. "வளர்ற புள்ளதானே" என்று ஒரு சைஸ் பெரிதாக வாங்கினால், உள்ளே குதிகால் ஆடும். கட்ட முடியாத லேஸும் பெரிய பூட்ஸும் ஒன்றுதான்!

பிளேடு பொருத்துபவர்கள் ஹெய்ன்ஸின் திருகாணியைத்தான் இன்றும் நம்புகிறார்கள். ஆனால் எல்லாவற்றையும் ஒரேயடியாக முடுக்க மாட்டார்கள். முதலில் நீள்துளைகளில் சிலவற்றை மட்டும் போட்டு ஆடவிடுவார்கள். நேராகப் போக நினைத்தும் கால் ஒரு பக்கம் இழுத்தால் பிளேடைக் கொஞ்சம் நகர்த்துவார்கள், திரும்ப ஆடச் சொல்வார்கள். இழுப்பது நின்ற பிறகுதான் மீதித் திருகாணிகள்.