ஒரு துளி இரத்தம், நூற்றிருபது சந்தேகங்கள்

2022ஆம் ஆண்டு கலிஃபோர்னியாவின் சான் ஹோசே கூட்டாட்சி நீதிமன்றத்தில் இரத்தப் பரிசோதனை மோசடி தொடர்பாக மூன்று தீர்ப்புகள் வந்தன. ஜனவரியில் தெரனோஸ் நிறுவனத்தின் எலிசபெத் ஹோம்ஸ், ஜூலையில் அவருடைய கூட்டாளி ரமேஷ் பல்வானி. இவ்விரண்டும் உலகம் முழுக்கப் பேசப்பட்டன. செப்டம்பரில், அதே நீதிபதி எட்வர்ட் டவிலாவின் முன்னிலையில் வந்த மூன்றாவது தீர்ப்பை அதிகம் பேர் கவனிக்கவில்லை. ஜூரி குற்றவாளி என்று சொன்னது அரேயிட் நிறுவனத்தின் தலைவர் மார்க் ஷீனாவை. செய்திகள் அதைக் கோவிட் மோசடி என்றே எழுதின. ஆனால் கோவிட் வருவதற்கு முன்பே தொடங்கிய கதை அது. தொடக்கம் ஒவ்வாமைப் பரிசோதனையில்.

எனக்கு அக்கறை அந்தத் தொடக்கத்தில்தான். எங்கள் வீட்டு இழுப்பறையில் வேறோர் ஆய்வகம் தந்த தாள் ஒன்று கிடக்கிறது. மகளுக்கு ஐந்து வயதில் எடுத்த இரத்தப் பரிசோதனை. எள், கொண்டைக்கடலை, பாசிப்பயறு என்று 11 உணவுகளுக்கு எதிரே நட்சத்திரக் குறி. அன்றோடு வீட்டில் நல்லெண்ணெய் நின்றது, இட்லிப் பொடி நின்றது, சுண்டல் நின்றது.

ஒவ்வாமையைச் சோதித்துப் பார்க்கும் வரலாறு மான்செஸ்டர் மருத்துவர் சார்லஸ் பிளாக்லியிடம் தொடங்குகிறது என்று சொல்லலாம். மகரந்தத்தால் தும்மித் தவித்தவர் அவர். தன் தோலையே கீறி, அதில் மகரந்தத்தை வைத்துப் பார்த்தார், தடித்தது. 1873இல் அதை நூலாக எழுதினார். இன்றைய தோல் சோதனை அந்த வழியில் வந்தது. இரத்தத்துக்குள் என்ன நடக்கிறது என்று தெரிய மேலும் ஏறத்தாழ நூறாண்டு ஆனது. 1966, 67இல் அமெரிக்காவின் டென்வரில் இஷிசாகா தம்பதியும், ஸ்வீடனின் உப்சாலாவில் யோஹான்சன், பென்னிக் இருவரும் தனித்தனியே ஆராய்ந்து ஐஜிஇ என்னும் எதிர்ப்பொருளைக் கண்டார்கள். அதை இரத்தத்தில் அளக்கும் முறையும் உப்சாலாவிலேயே பிறந்தது.

அன்று தொட்டு ஒரு சிக்கல் மாறவில்லை. எள்ளுக்கு எதிரான ஐஜிஇ ஒருவர் இரத்தத்தில் இருந்தால், அவர் உடல் எள்ளைக் குறித்து வைத்திருக்கிறது என்று பொருள். எள் சாப்பிட்டால் அவருக்கு மூச்சுத் திணறும் என்று பொருளல்ல. தோல் சோதனைக்கும் இந்த வரம்பு உண்டு. அதனால்தான் நல்ல மருத்துவர் ஊசியை எடுக்கும் முன் கேட்கிறார்: என்ன சாப்பிட்டீர்கள், எவ்வளவு நேரத்தில், என்ன ஆயிற்று? பதிலைக் கேட்டபின், சந்தேகத்துக்குரிய ஒன்றிரண்டைத்தான் சோதிக்கிறார்.

கேள்வி கேட்காமல் எல்லாவற்றையும் சோதித்தால் என்ன ஆகும்? ஒரு சோதனை நூற்றுக்கு 95 முறை சரியாகச் சொல்வதாக வைத்துக்கொள்வோம். எந்த ஒவ்வாமையும் இல்லாத ஒருவருக்கு 120 பொருள்களைச் சோதித்தால் சராசரியாக 6 பொருள்கள் தவறாக மாட்டும். யாரும் ஏமாற்ற வேண்டியதில்லை, கணக்கே போதும்.

இந்தப் பலவீனத்தைவிட மோசமான சோதனைகளும் சந்தைக்கு வந்ததுண்டு. வெள்ளணுக்களை உணவுச் சாற்றோடு கலந்து, அவை சிதைகின்றனவா என்று நுண்ணோக்கியில் பார்க்கும் முறை 1950களில் முன்வைக்கப்பட்டது. அமெரிக்காவின் மெடிகேர் காப்பீடு ஒரு காலம் அதற்குப் பணமும் கொடுத்தது. பாதுகாப்பானது, பயன் தருவது என்பதற்குச் சான்று இல்லை என்று 1985 ஆகஸ்டில் நிறுத்தியது.

ஷீனா போலி விஞ்ஞானி அல்லர் என்பதுதான் வருத்தம். ஆயிரக்கணக்கான மரபணுக்களை ஒரே கண்ணாடித் தகட்டில் அளக்க வழிசெய்த மைக்ரோஅரே பற்றி, ஸ்டான்ஃபோர்டிலிருந்து 1995இல் 'சயன்ஸ்' இதழில் வந்த புகழ்பெற்ற கட்டுரையின் முதல் ஆசிரியர் அவர். பின்னாளில் முதலீட்டாளர்களிடம் நோபல் பரிசுக்கான சுருக்கப் பட்டியலில் தன் பெயர் இருப்பதாகவும் சொன்னார், அது பொய்.

விரல் நுனியில் குத்தி எடுத்த சில துளி இரத்தத்தில் 120 ஒவ்வாமைப் பொருள்கள்: இதுதான் அரேயிட் விற்றது. நோயாளிக்குத் தேவையா என்று பாராமல் எல்லாவற்றுக்கும் சோதித்தார்கள். இரத்த மாதிரிகளைக் கொண்டுவரும் விற்பனை முகவர்களுக்குக் கமிஷன். தோல் சோதனையைவிட இதுவே மேல் என்று மருத்துவர்களை நம்பவைப்பது அவர்கள் வேலை. சில காப்பீட்டு நிறுவனங்களுக்கு ஒரு சோதனைக்கு 10,000 டாலருக்கு மேல் பில் போனது. 2020இல் தொற்று வந்ததும், கோவிட் சோதனையோடு ஒவ்வாமைச் சோதனையையும் சேர்த்தே எடுக்கவேண்டும் என்றார்கள். அரசின் மருத்துவ அதிகாரிகளே அப்படிக் கட்டளையிட்டதாகப் பொய் சொன்னார்கள்.

மொத்தம் 7.7 கோடி டாலருக்கு மேற்பட்ட பொய்க் கோரிக்கைகள். 2023 அக்டோபரில் ஷீனாவுக்கு 8 ஆண்டு சிறையும் 2.4 கோடி டாலர் இழப்பீடும் விதிக்கப்பட்டன. நான் பணம் கொடுத்தது முகவர்களுக்கு, மருத்துவர்களுக்கு அல்ல. ஆகவே கமிஷனுக்கு எதிரான 2018ஆம் ஆண்டுச் சட்டம் எனக்குப் பொருந்தாது என்று அவர் மேல்முறையீட்டில் வாதாடினார். 2025இல் அந்த வாதமும் தள்ளுபடியானது.

தீர்ப்பைப் படித்து முடித்தபோது ஒன்று உறுத்தியது. காப்பீட்டு மோசடி, கமிஷன், பங்குச் சந்தை மோசடி: குற்றச்சாட்டுகள் இவைதாம். அந்த முடிவுத் தாள்களை நம்பி எந்த வீட்டில் எந்த உணவு நின்றது என்ற கேள்விக்கு அந்த வழக்கில் இடமில்லை. சட்டம் பொய்யைத் தண்டிக்கும். பொய்யே சொல்லாமல், தேவையற்ற 120 சோதனைகளுக்கு உண்மையான எண்களைத் தரும் தாளை அதே வழியில் தண்டிக்க முடியாது. எங்கள் தாள் அப்படிப்பட்டதாகவே இருக்கலாம்.

இரண்டாண்டு கழித்து ஓர் ஒவ்வாமை நிபுணரிடம் போனோம். தாளை ஓரமாக வைத்துவிட்டு, "எள் சாப்பிட்டு இவளுக்கு எப்போதாவது ஏதாவது ஆகியிருக்கிறதா?" என்று கேட்டார். நானும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். ஒருமுறைகூட இல்லை. அவசர மருந்துகள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க, மருத்துவமனையிலேயே சிறிது சிறிதாகக் கொடுத்து மணிக்கணக்கில் கவனித்தார்கள். ஒன்றும் ஆகவில்லை. மற்றவற்றையும் அப்படியே ஒவ்வொன்றாகத் தீர்த்தோம். அன்று மாலை அம்மாவிடம் தொலைபேசியில் சொன்னேன். அடுத்த வாரமே ஊரிலிருந்து எள்ளுருண்டை வந்து சேர்ந்தது.