1949 என்ற ஆண்டும் ஒரு கூடத்தின் பெயரும்: செயல்முறை ஆராய்ச்சி கற்பித்தலின் வரலாற்றில் ஒரு திருத்தம்

இந்தியாவில் செயல்முறை ஆராய்ச்சி (ஆப்பரேஷன்ஸ் ரிசர்ச்) 1949-இல் ஐதராபாத் வட்டார ஆராய்ச்சிக் கூடத்தில் பிறந்தது என்று கல்லூரிப் பாடநூல்கள் தம் முதல் அத்தியாயத்தில் சொல்கின்றன. 1953-இல் கல்கத்தாவின் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் மகலனோபிஸ் அமைத்த குழு, 1957-இல் இந்தியச் செயல்முறை ஆராய்ச்சிச் சங்கம், 1964-இல் அதன் ‘ஆப்சர்ச்’ இதழ் என்று வரிசை தொடர்கிறது. ஆய்வு முதலில், பயன்பாடு அடுத்து, சங்கமும் இதழும் அதன்பின், கற்பித்தல் கடைசியில். மாணவர்கள் ‘ஓ.ஆர்.’ என்று சுருக்கி அழைக்கும் இப்பாடத்தின் வரலாறாக இந்த வரிசையே மனப்பாடம் செய்யப்படுகிறது. எனக்கு இதில் உடன்பாடில்லை. காரணம், அதன் முதல் வாக்கியத்திலேயே இருக்கிறது.

1949-இல் ஐதராபாத்தில் அந்தப் பெயரில் ஒரு கூடம் கிடையாது. 1944-இல் ஐதராபாத் அரசு தொடங்கியது மத்திய அறிவியல், தொழில் ஆராய்ச்சிக் கூடங்கள் என்ற அமைப்பு. சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்த பிறகு, 1956-இல்தான் அது மத்திய அரசின் அறிவியல், தொழிலக ஆராய்ச்சி மன்றத்திடம் வந்து வட்டார ஆராய்ச்சிக் கூடம் என்ற பெயரைப் பெற்றது. 1989 முதல் அதுவே இந்திய வேதியியல் தொழில்நுட்ப நிறுவனம். பாடநூல் தரும் ஆண்டுக்கும் பாடநூல் தரும் பெயருக்கும் இடையே 7 ஆண்டு இடைவெளி இருக்கிறது.

இதற்கு இரண்டு விளக்கங்கள் உண்டு. ஒன்று, 1949-இல் பழைய கூடத்துக்குள் ஒரு பிரிவு இயங்கியிருக்க வேண்டும். பின்னால் எழுதியவர் தமக்குப் பழக்கமான பெயரை அதற்கு இட்டிருக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் இது புதிதல்ல. ராதாகிருஷ்ணன் 1888-இல் திருவள்ளூர் மாவட்டத் திருத்தணியில் பிறந்தார் என்று மேடைதோறும் சொல்கிறோம். அன்று திருத்தணி இருந்தது வட ஆர்க்காடு மாவட்டத்தில். 1911-இல் சித்தூர் மாவட்டத்துக்குப் போய், 1960-இல் அன்றைய சென்னை மாநிலத்துக்குத் திரும்பியது. திருவள்ளூர் மாவட்டமோ 1997-இல்தான் உருவானது. ஊர் சரி, ஆண்டு சரி, பெயர் மட்டும் பிந்தியது. இரண்டாவது விளக்கம், பெயர்தான் சரி, ஆண்டு பிழை. அதாவது பிரிவு 1956-க்குப் பிறகு வந்தது. நான் முதல் விளக்கத்தையே ஏற்கிறேன். பெயர்கள் இப்படிப் பின்னோக்கிப் போய் ஒட்டிக்கொள்வது வழக்கம். ஆண்டுகள் அவ்வளவு எளிதாக நகர்வதில்லை. ஆனாலும் இதை மட்டும் வைத்து 1949-ஐ அறுதியிட முடியாது.

பெயரில் இன்னொரு தடயமும் உண்டு. 1952-இல் தோன்றிய அமெரிக்கச் சங்கம் தன்னை ‘ஆப்பரேஷன்ஸ்’ ரிசர்ச் என்றது. 1957-இன் இந்தியச் சங்கமோ ‘ஆப்பரேஷனல்’ ரிசர்ச். தில்லிப் பல்கலைக்கழகத் துறையின் பெயரும் அதுவே. இது பிரிட்டிஷ் வழக்கு. போர்க்காலத்தில் இத்துறையை வளர்த்த பிரிட்டிஷ் அறிவியலாளர் பிளாக்கெட்டிடம் 1947-இல் நேரு பாதுகாப்பு அறிவியல் குறித்து ஆலோசனை கேட்டார் என்பதையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். ஒரு கூடத்தில் முளைத்து வெளியே பரவிய துறை என்பதைவிட, ஆசிரியர்கள் வழியாகவும் ஆலோசகர்கள் வழியாகவும் பல வாசல்களில் நுழைந்த துறை என்பதே பொருந்துகிறது. சான்று மெல்லியதுதான். ஆனால் ஒற்றைப் பிறப்பிடம் என்ற கதைக்கு இருக்கும் சான்று இதைவிட மெல்லியது.

1949 பற்றிய அந்த முதல் வாக்கியம் கேள்வியின்றி நூலுக்கு நூல் எப்படிக் கடந்து வந்தது? கற்பித்தல் என்பது முடிந்துபோன அறிவைக் கை மாற்றும் வேலை என்று நாம் எண்ணியதால்தான். பாடத்தை எப்படி நடத்துகிறோம், எதை முதலில் சொல்கிறோம், எது பிழை என்று ஆசிரியர்கள் தங்களுக்குள் வாதிட ஓர் இதழ் இல்லை. உலக அளவிலும் அது தாமதமாகவே வந்தது. இத்துறைக்கான அமெரிக்காவின் இரு சங்கங்கள் 1995-இல் இணைந்து இன்ஃபார்ம்ஸ் ஆயின. கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் இருந்த எர்ஹான் எர்குட் ஆசிரியராக இருந்து, 2000-இல் ‘இன்ஃபார்ம்ஸ் டிரான்ஸாக்ஷன்ஸ் ஆன் எஜுகேஷன்’ என்ற இதழைத் தொடங்கினார். அது இணையத்தில் மட்டும் வரும் இதழ். கட்டுரையோடு எக்செல் கோப்பையும் சேர்த்துத் தர முடிந்தது. படிப்பவர் எண்ணை மாற்றிப் போட்டுப் பார்க்கலாம்.

இணையம் வந்ததால் வந்த இதழ் என்று இதை ஒரு வரியில் முடித்துவிடலாம். அது சரியல்ல. வி. ராமசுவாமி ஐயர் 1907-இல் தொடங்கிய இந்தியக் கணிதச் சங்கம், 1933-இலேயே ‘மேத்தமேட்டிக்ஸ் ஸ்டூடண்ட்’ என்ற தனி இதழைக் கொண்டுவந்தது. அதன் முதல் ஆசிரியர் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்து ஏ. நரசிங்க ராவ். ஆய்விதழ் ஒன்று கையில் இருக்கும்போதே, மாணவரையும் ஆசிரியரையும் கருதி இரண்டாவது இதழ் வேண்டும் என்று அச்சுக் காலத்திலேயே தோன்றியிருக்கிறது. இணையம் அதற்கு எக்செல் கோப்பைச் சேர்த்தது, தேவையைப் பிறப்பிக்கவில்லை.

அந்தத் தேவை என்னவென்று திருவள்ளூர் மாவட்டத்து எங்கள் ஆர்.கே.பேட்டையில் கண்ணெதிரே பார்க்கலாம். இங்கும் பள்ளிப்பட்டு, பொதட்டூர்பேட்டைப் பக்கமும் விசைத்தறிச் சத்தம் கேட்காத தெரு குறைவு. மேல்நிலை வணிகக் கணிதத்தில் ஒதுக்கீட்டுக் கணக்கு வருகிறது. 4 தறி, 4 வகைத் துணி என்றால் 24 வழிகள். 8 தறி என்றால் 40,320. ஹரால்ட் கூன் 1955-இல் வெளியிட்ட ஹங்கேரிய முறை நிரையிலும் நிரலிலும் சிறிய எண்ணைக் கழித்து விடைக்கு வந்துவிடும். ஆனால் பாடநூல் அட்டவணையில் எந்தத் தறியும் எந்தத் துணிக்கும் தயார். நெசவாளர் வீட்டுப் பிள்ளைக்கு அது அப்படியில்லை என்று தெரியும். பாவு ஏற்றிய தறி, அந்தப் பாவு தீரும்வரை வேறு துணிக்குத் திரும்பாது. அந்தத் தறிக்கு ஒவ்வாத துணியின் கட்டத்தில் எட்டாத பெரிய எண்ணை இட வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தால், கணக்கும் தறியும் ஒன்றாகின்றன. கழித்தலை முதலில் நடத்துவதா, பாவை முதலில் பேசுவதா? இது கற்பித்தல் ஆய்வுக்கான கேள்வி. ஆப்சர்ச் போன்ற ஆய்விதழின் வேலை அல்ல.

சென்னை ஐ.ஐ.டி.யின் ஜி. சீனிவாசன் நடத்திய செயல்முறை ஆராய்ச்சி வகுப்புகள் என்.பி.டி.இ.எல். என்ற இணையக் காணொளிப் பாடத் திட்டத்தின் வழியாக எல்லோருக்கும் கிடைக்கின்றன. அது பெரிய கொடை. ஆனால் காணொளி ஓர் ஆசிரியரின் முறையைக் காட்டும். இன்னோர் ஆசிரியர் மறுத்து எழுத அதில் இடமில்லை.

ஆகவே வணிகக் கணிதம் நடத்தும் ஆசிரியர்களிடம் கேட்கிறேன். ஒதுக்கீட்டுக் கணக்கை எங்கே தொடங்கினீர்கள், எந்தக் கட்டத்தில் வகுப்பு தடுமாறியது, எந்த எடுத்துக்காட்டு கைகொடுத்தது என்று இரண்டு பக்கம் எழுதித் தேதியிட்டு வையுங்கள். தமிழில் இப்படி ஓர் இதழ் தொடங்கும் நாளில் முதல் இதழுக்கு வேண்டியது அந்தப் பக்கங்கள்தான்.