‘ஃப்ரம் பில்லர் டு போஸ்ட்’ என்றால் என்ன? அலைக்கழிப்பைச் சொல்லும் ஆங்கிலத் தொடரின் கதை!

"இது எங்க வேலை இல்லை சார், அந்த ஆபீஸுக்குப் போங்க." அங்கே போனால், "முதல்ல போன இடத்துலயே கேளுங்க." ஒரு கையெழுத்துக்காக இப்படி செருப்பு தேய நடந்த அனுபவம் பலருக்கும் உண்டு. இந்த அலைச்சலைச் சொல்ல ஆங்கிலச் செய்திகளில் அடிக்கடி வரும் தொடர்தான் ‘ஃப்ரம் பில்லர் டு போஸ்ட்’.

அர்த்தம் என்ன?

பில்லர் என்றால் தூண். போஸ்ட் என்றால் கம்பம். தபாலுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. காரியம் முடியாமல் தூணுக்கும் கம்பத்துக்குமாக மாறி மாறி அலைவதையே இது குறிக்கிறது.

எங்கிருந்து வந்தது?

15ஆம் நூற்றாண்டிலேயே இங்கிலாந்தில் இந்தத் தொடர் வழக்கில் இருந்தது. ஆனால் அப்போது வரிசை தலைகீழ்: ‘ஃப்ரம் போஸ்ட் டு பில்லர்’. பிறகுதான் இடம் மாறியது.

தோற்றம் பற்றி இரண்டு விளக்கங்கள் சொல்லப்படுகின்றன. ஒன்று, இன்றைய டென்னிஸுக்கு முன்னோடியான ‘ரியல் டென்னிஸ்’. நான்கு சுவருக்குள் ஆடும் இந்த ஆட்டத்தில் பந்து அங்கும் இங்கும் மோதித் தெறிக்கும். பழைய ஆங்கிலத்தில் இந்தத் தொடருடன் ‘தூக்கி எறியப்பட்டு’ என்ற பொருள் தரும் சொல்லும் சேர்ந்தே வருவது இதற்கு வலு சேர்க்கிறது.

இன்னொன்று, தண்டனை. குற்றவாளியின் தலையையும் கைகளையும் பலகையில் பூட்டி ஊர் நடுவே நிறுத்தும் ‘பில்லரி’, கட்டிவைத்து சவுக்கால் அடிக்கும் கம்பம். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு இழுத்துச் செல்லப்பட்டவர்களின் கதை என்கிறார்கள். இரண்டுக்குமே உறுதியான ஆதாரம் இல்லை.

அலைய விடலாமா? சட்டம் சொல்வது என்ன?

தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005: மனு வேறு அலுவலகத்துக்கு உரியது என்றால், ‘அங்க போங்க’ என்று திருப்பி அனுப்பக் கூடாது. பிரிவு 6(3)-இன்படி, அதிகாரியே 5 நாட்களுக்குள் உரிய அலுவலகத்துக்கு மாற்றிவிட்டு, மனுதாரருக்கும் தெரிவிக்க வேண்டும்.

ஜீரோ எஃப்.ஐ.ஆர்: வாரன்ட் இல்லாமல் கைது செய்யக்கூடிய குற்றம் பற்றிய புகாரை, ‘எங்க லிமிட் இல்லை’ என்று சொல்லி போலீஸ் தட்டிக்கழிக்க முடியாது. 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆவது பிரிவு, குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் புகாரைப் பெற வழி செய்கிறது.

அடுத்த முறை யாராவது ‘அங்க போங்க’ என்றால், இந்தப் பிரிவு எண்களைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்!